ரங்கூன் அக்காவின் ஆங்கிலம்

என் கணவர் இன்னொரு பெண்ணின் அழகைப் புகழ்ந்திருந்தால் எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. அவர் புகழ்ந்தது அவள் சொன்ன ஒரு வார்த்தையை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அந்தமான் தீவில், மாயாபந்தரில் கவர்மென்ட் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அவர் அங்கே ஓர் அலுவலகத்தில் எழுத்தர். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள். எஸ்.எஸ்.எல்.சி. வரை தமிழில் படித்திருந்தேன். அன்று போர்ட் பிளேரிலிருந்து வரவேண்டிய ஸ்டீமர் கண்ணுக்குத் தெரிந்தும் ஜெட்டிக்கு வராமல் தூரத்திலேயே நின்றுகொண்டிருந்ததாம். காற்று பலமாக அடித்தது. காத்திருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருக்க, புதிதாக மாற்றலாகி வந்திருந்த வயர்லெஸ் ஆபரேட்டரின் மனைவி, தன் கணவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பக்கத்தில் நின்ற டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னாளாம்: கேப்டன் கரைக்கு வர ரிலக்டன்ட்டாக இருக்கிறார்.

"'ரிலக்டன்ட்'னு சொன்னா பாரு! நாங்கள்லாம் ஆபீஸ்ல 'நாட் வில்லிங்', 'நாட் வில்லிங்'னே எழுதிட்டுக் கெடக்கோம். அவ தண்ணி குடிக்க மாதிரி சொல்லுதா" என்றார், சோற்றைப் பிசைந்த கை அப்படியே நிற்க.

"ரசம் ஊத்தவா?" என்று கேட்டேன்.

"ரங்கூன் கான்வென்ட்ல படிச்சவளாம்டி. பர்மாவுல இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்த குடும்பமாம். அந்த டாக்டரே அசந்துட்டாரு."

ரசத்தை ஊற்றினேன். கொஞ்சம் தட்டுக்கு வெளியேயும் போனது.

மறுநாள் குழாயடியில் அவளைப் பார்த்தேன். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவளாக இருப்பாள். பர்மாப் பெண்களைப் போலக் கைலியும் மேலே வெள்ளைச் சட்டையுமாக வந்திருந்தாள். பார்க்கச் சுமார்தான். அதுவே எனக்கு இன்னும் கடுப்பாக இருந்தது. சிவப்பாக, லட்சணமாக இருந்திருந்தால், சரி, கடவுள் கொடுத்தது என்று விட்டிருப்பேன். இவள் என்னைப் போலவே கறுப்பு, என்னைப் போலவே ஒல்லி. ஒரே வித்தியாசம் அவள் வாயிலிருந்து வருவதுதான்.

"நீங்க பக்கத்து லைனா தங்கச்சி?" என்று சிரித்தாள்.

"ஆமாக்கா" என்றேன். வாயில் அக்கா, மனசுக்குள் அவள். ரொம்ப நாள் அப்படித்தான் ஓடியது.

அந்த ஊரில் வங்காளிகள், பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன்கள், தெலுங்கர்கள், மலையாளிகள், காட்டு வேலைக்கு வந்த ராஞ்சிக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் ஹிந்தியில்தான் பேசிக்கொள்வோம். அந்த ஹிந்தி எனக்கு ஆறு மாதத்தில் வந்துவிட்டது. கடைக்குப் போக, சண்டை போட, அது போதும். ஆனால் ஹிந்தி பேசினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரங்கூன்காரி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசினால் ஜெட்டியே திரும்பியது. அதில் என் கணவரும் ஒருவர் என்பதுதான் என் பிரச்சினை. வாரத்துக்கு ஒரு வார்த்தையாவது அவளிடமிருந்து பொறுக்கிக்கொண்டு வந்து எனக்குக் காட்டுவார். ஒரு நாள் 'இன்எவிட்டபிள்'. இன்னொரு நாள் 'எக்ஸாஸ்பரேட்டிங்'. பூ வாங்கி வருகிற புருஷன்மார் உண்டு. என் வீட்டுக்கு இன்னொருத்தி சூடின வார்த்தை வந்தது.

கடைத்தெருவில் கீழக்கரை பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். துணி, சர்க்கரை, மண்ணெண்ணெய் விளக்கு, எல்லாம் அங்கேதான். மெட்ராஸுக்குப் போகும்போது என்ன வேண்டுமென்று சொன்னால் வாங்கி வருவார்.

"பாய், ஒரு இங்கிலீஷ் டிக்ஷனரி வேணும். பெருசா."

"சாருக்கா?"

"எனக்கு."

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "மெயின்லேண்ட்ல இருந்து வர்றதுக்கு நாளாகும்மா. பாதி கடல்தண்ணி குடிச்சுதான் வரும்" என்றார்.

அவர் சொன்னபடியே ஈரத்தில் ஊதி, தலையணை மாதிரி வந்து சேர்ந்தது. அந்த ஊரில் வருஷத்தில் முக்கால்வாசி மழை. அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு, பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்தினேன். இப்போதும் அந்தப் புத்தகத்தை நினைத்தால் விறகுப்புகையோடு பொரித்த மீன் வாசனையும் சேர்ந்து வருகிறது.

முதல் எழுத்திலிருந்து வரிசையாக மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். மடத்தனம்தான், ஆனால் வேறு வழி தெரியவில்லை. 'அபேயன்ஸ்', 'அப்ஹார்', 'அப்ஸ்டீமியஸ்' என்று உருப்போட்டேன். தெரிந்துகொண்ட வார்த்தையை யாரிடம் சொல்வது? வீட்டில் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

"இன்னைக்குச் சோறு கொஞ்சம் சூப்பர்ஃப்ளுவஸ் ஆயிட்டு" என்றேன் ஒரு மத்தியானம். எழுத்து வரிசையை விட்டு நடுவில் புரட்டியபோது கிடைத்த வார்த்தை அது.

"என்னது?"

"சூப்பர்ஃப்ளுவஸ். தேவைக்கு மேல."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, மிஞ்சிப்போச்சுன்னு சொல்லேன்!" அவள் சொன்னால் அழகு, நான் சொன்னால் வேடிக்கை. அன்று மிஞ்சிய சோறு முழுவதையும் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலையில் அவருக்கே போட்டேன்.

சிரிக்கட்டும் என்று விடாமல் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. இந்த வார்த்தைகள் தனித்தனி ஆட்கள் இல்லை. வம்சம் வம்சமாக இருக்கிறார்கள். 'இன்ஸ்பெக்ட்', 'சஸ்பெக்ட்', 'ரெஸ்பெக்ட்', 'ஸ்பெக்டேட்டர்', மூக்குக் கண்ணாடிக்கு 'ஸ்பெக்டக்கிள்ஸ்': எல்லாம் பார்ப்பது என்ற ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகள். உள்ளே பார்க்கிறவன் ஒருவன், கீழ்க்கண்ணால் பார்க்கிறவன் ஒருவன். 'போர்ட்' என்றால் சுமப்பது என்று தெரிந்த அன்று 'இம்போர்ட்', 'எக்ஸ்போர்ட்', 'டிரான்ஸ்போர்ட்', 'போர்ட்டர்' எல்லாரும் ஒரே பந்தியில் வந்து உட்கார்ந்தார்கள். பாய் கடையில் சர்க்கரை மடித்துத் தந்த பழைய ஆங்கிலச் செய்தித்தாள்களைப் பிரித்து, தெரியாத வார்த்தையின் தாத்தா யார் என்று தேடுவேன். அந்தச் சந்தோஷம் என்னுடையது மட்டும். அதில் அவளுக்குப் பங்கில்லை.

ஒரு நாள் வேண்டுமென்றே எனக்கு வந்திருக்கும் நோயைத் தேடினேன். தமிழில் பொறாமை என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு சமாளிக்கிறோம். அங்கே இரண்டு இருந்தன. அடுத்தவரிடம் இருப்பது நம்மிடம் இல்லையே என்பது 'என்வி'. நம்மிடம் இருப்பதை அடுத்தவர் கொண்டுபோய்விடுவாரோ என்பது 'ஜெலஸி'. அடுப்பில் பருப்பு பொங்கி வழிய, நான் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவளுடைய ஆங்கிலத்தின்மேல் ஒன்று, என் கணவரின் காதுகளின்மேல் மற்றொன்று. எனக்கு இரண்டுமே இருந்தன.

அந்த வருஷம் குடியரசு தினத்தன்று போர்ட் பிளேரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். கொடியேற்றிய பிறகு தேநீர் விருந்து. வடக்கத்திய அம்மாள் அவர். எல்லாரிடமும் ஆங்கிலத்தில் பேசினார். ரங்கூன்காரி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏலக்காய் போட்ட அந்தத் தேநீரைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குள் ஏதோ பிடித்துத் தள்ளியது. அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டதும், மென்மையானது, லேசில் பிடிபடாதது என்று டிக்ஷனரியில் நாலு நாள் முன்னால் பார்த்த வார்த்தையை எடுத்து வைத்தேன். "வெரி சப்டில் டேஸ்ட், மேடம்."

அந்த அம்மாளின் முகத்தில் ஒன்றும் புரியாத ஒரு சிரிப்பு நின்றது. டாக்டர் மெல்ல, "சட்டில்" என்றார். நடுவில் இருக்கும் 'பி'யை உச்சரிக்கக் கூடாதாம். அச்சில் மட்டும் பார்த்தவளுக்கு அது எப்படித் தெரியும்? முதலில் சிரித்தது என் கணவர். மற்றவர்கள் அவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

அப்போது ரங்கூன்காரி ஆங்கிலத்திலேயே, "கான்வென்ட்டில் நானும் அந்த 'பி'யைச் சொல்லி மத்தியானம் முழுவதும் முட்டி போட்டிருக்கிறேன். எழுதி வைத்துவிட்டுச் சொல்லாதே என்றால் எப்படி? இந்த மொழிக்குத்தான் தண்டனை கொடுக்கவேண்டும்" என்றாள். இப்போது எல்லாரும் வேறு விதமாகச் சிரித்தார்கள். அந்த வடக்கத்திய அம்மாள் என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் தப்பித்துவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். காப்பாற்றிவிட்டாள். காப்பாற்றுகிற அளவுக்கு அவளிடம் வார்த்தை மிச்சம் இருந்தது. வீடு வரும்வரை நான் வேகமாக முன்னால் நடந்தேன். அவர் பின்னாலேயே வழியெல்லாம், "அவ எப்படிச் சமாளிச்சா பாத்தியா?" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் மழைக்காலம் தொடங்கியதும் ஒன்று நடந்தது.

ஸ்டீமர் வந்தால் தமிழ் வாரப் பத்திரிகைகள் மொத்தமாக ஒரு கட்டு வரும். ஐந்தாறு வாரத்துத் தொடர்கதை ஒரே நாளில் கிடைக்கும். குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்ப் பெண்களில் பாதிப்பேருக்குச் சரளமாக வாசிக்க வராது. மத்தியான வேலை முடிந்ததும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நான் உரக்க வாசிப்பேன். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலே கத்தி வாசிக்கவேண்டும். அன்று கதாநாயகி வீட்டை விட்டுப் போகிற கட்டம். எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்தால் கதவோரம் குடையை மடக்கி வைத்துவிட்டு ரங்கூன்காரி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மற்றவர்கள் போன பிறகும் போகவில்லை.

"அடுத்தது என்ன ஆகுது?" என்று கேட்டாள்.

"இந்தாங்க, எடுத்துட்டுப் போங்க. படிச்சிட்டுத் தாங்க."

அவள் பத்திரிகையை வாங்கிப் புரட்டினாள். படங்களை மட்டும் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது தங்கச்சி. வீட்டுல தமிழ் பேசுவோம். பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ், கொஞ்சம் பர்மியப் பாஷை. அ-னாகூட யாரும் சொல்லிக்கொடுக்கல."

எனக்கு அந்தக் கணத்தில் வந்தது இரக்கம் என்று எழுதினால் பொய். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை சந்தோஷம். நாக்கைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன்.

"நீ வாசிக்கும்போது எல்லாரும் உன் வாயையே பாக்கறாங்க" என்றாள் தொடர்ந்து. "ஸ்டீமர் வந்த அன்னைக்கெல்லாம் நான் உன் வீட்டு ஜன்னல் பக்கமாத்தான் நடந்து போவேன். பாதி கேக்கும், பாதி மழையில போயிடும். எனக்குக் கத்துக்குடு. பதிலுக்கு உனக்கு என்ன வேணும், இங்கிலீஷா?"

என் டிக்ஷனரி அடுப்பங்கரையில் உலர்ந்துகொண்டிருந்தது. அவள் அதை ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தாள்.

அப்படித் தொடங்கினோம். அவள் கற்றுக்கொடுத்த விதமே வேறு. முதல் நாளே என் டிக்ஷனரியை மூடிவிட்டாள். "அர்த்தம் தெரிஞ்சா வார்த்தை தெரிஞ்சதா ஆகாது. அது யாரோட சேரும், யாரோட சேராதுன்னு தெரியணும். மழைக்கு 'ஹெவி'. காத்துக்கு 'ஸ்ட்ராங்'. டீக்கு 'ஸ்ட்ராங்'. சாப்பாட்டுக்கு 'ஹெவி'. மாத்திச் சொன்னா அர்த்தம் புரியும், ஆனா சிரிப்பாங்க."

"அப்ப 'ரிலக்டன்ட்'டும் 'அன்வில்லிங்'கும் ஒண்ணுதானக்கா?" ரொம்ப நாளாக அடைத்துக்கொண்டிருந்த கேள்வி அது.

"இல்லையே. 'அன்வில்லிங்'னா வரவே மாட்டான். 'ரிலக்டன்ட்'னா வருவான், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வருவான். அன்னைக்குக் கேப்டன் கடைசியில வந்தாரு இல்ல?"

வாரத்துக்கு ஐந்து வார்த்தைதான். அந்த ஐந்தை வைத்துக்கொண்டு குழாயடியில், கடையில், ஜெட்டியில், பார்க்கிற எல்லாவற்றையும் சொல்லவேண்டும். வரிசையில் முந்துகிற ராஞ்சிக்காரியைப் பார்த்து அவள் என் காதில் "அசர்ட்டிவ்" என்பாள். "இல்லக்கா, அக்ரெஸிவ்" என்பேன். நான் வம்சக் கதையைச் சொன்னபோது அவள் நிஜமாகவே வியந்தாள். 'சஸ்பெக்ட்'டும் 'ஸ்பெக்டக்கிள்ஸ்'ஸும் உறவு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லையாம். அதற்குப் பிறகு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஒரு தரம் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, 'என்வி'க்கும் 'ஜெலஸி'க்கும் அவள் எப்படி வித்தியாசம் சொல்வாள் என்று கேட்டேன். டிக்ஷனரியில் இருந்ததைவிடத் தெளிவாகச் சொன்னாள். பிறகு, "ஏன் கேக்கற?" என்றாள்.

"சும்மாதான்."

அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு 'க'வுக்குக் கொம்பு போடப் போய்விட்டாள்.

சேர்ந்து படித்தால் பொறாமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் அவள் தமிழ்ப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை வாசித்தாள். எனக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தாண்ட இன்னும் மூச்சு வாங்கியது. ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "அக்கா வாசிக்கட்டும்" என்றார்கள் பெண்கள். வாசித்தாள். மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல், வக்கீலுக்கு மூக்கால் ஒரு குரல். எனக்குத் தோன்றவே தோன்றாத விஷயம். அதற்குப் பிறகு என் தொண்டை சரியாகியும், "அக்கா வரலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். எனக்கென்று இருந்த ஒன்றையும் நானே எழுத்துக்கூட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தேன். இது 'ஜெலஸி'. இந்த முறை டிக்ஷனரி வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நடுவில் என் கணவர் என் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அலுவலகக் கடிதம் ஒன்றை வீட்டில் வைத்து எழுதிக்கொண்டிருந்தபோது, "இங்க 'டினை' வராதுங்க, 'ரெஃப்யூஸ்'தான் வரும்" என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடினார். "ஆபீஸ் விஷயத்துல தலையிடாத" என்றார். ஆனால் திருத்திக்கொண்டுதான் போனார். அதன் பிறகு ரங்கூன்காரியின் வார்த்தைகள் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. நான் சொல்கிற வார்த்தைகளை அவர் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பது தெரியும். எங்கள் வீட்டில் பொறாமைப்படும் முறை இப்போது அவருடையதாகியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாவது வருஷம் அவரேதான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். மாயாபந்தர் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வேண்டும். ஊரிலேயே இருக்கும் பெண்களும் மனுப்போடலாம். நேர்முகம் போர்ட் பிளேரில். அக்காவின் கணவரும் அதே செய்தியோடு வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் குழாயடியில் இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம்.

"நீ போடறியா?"

"நீங்க போடுதீங்களா?"

ஒரே ஒரு இடம்தான். இருவரும் மனுப்போட்டோம்.

ஒரே ஸ்டீமரில் போனோம். எங்கள் இருவர் கணவருக்கும் விடுப்பு கிடைக்கவில்லை. வழியெல்லாம் கடல் கொந்தளிப்பு. எனக்குத் தலையே தூக்க முடியவில்லை. அக்கா எலுமிச்சம்பழத்தை நசுக்கி மூக்கில் வைத்தாள். கொஞ்சம் தெளிந்ததும் மேல்தளத்தில் உட்கார்த்திவைத்து, "அவங்க கேக்கிற மாதிரி நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு" என்றாள். கேட்டாள். நான் சொன்ன பதிலைத் திருத்தினாள். நானும் அவளைக் கேட்டேன். திருத்த எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இவள்தான் ஜெயிக்கப்போகிறாள், எனக்கு எதற்கு இந்த வாந்தி என்று நினைத்துக்கொண்டேன். என்னைத் தயார்செய்கிற துணிச்சல் அவளுக்கு இருந்ததே, அதன்மேல்கூட எனக்கு எரிச்சல்.

நேர்முக அறையின் கதவுக்குத் திரைச்சீலைதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாம் கேட்கும். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் சர்டிபிகேட்டைப் பார்த்தார். சில கேள்விகள். பிறகு, "'ரெஃப்யூஸ்', 'டினை', பிள்ளைகளுக்கு வித்தியாசம் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

எனக்கு உள்ளே விளக்குப் போட்டது போல் இருந்தது. "நீங்கள் டீ தருகிறீர்கள், நான் வேண்டாம் என்றால் 'ரெஃப்யூஸ்'. நான் டீயைக் குடித்துவிட்டேன் என்று நீங்கள் சொல்கிறீர்கள், நான் இல்லை என்றால் 'டினை'" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மூவரும் சிரித்தார்கள். அந்த டீக் கதையை எனக்குச் சொன்னவள் திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து அவள் போனாள். உள்ளே இருந்து ஆங்கிலம் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஓடியது. நடுவில் அந்த மூவரில் ஒருவர் உரக்கச் சிரித்தார். பிறகு சர்டிபிகேட் கேட்டார்கள்.

"ரங்கூனில் வீட்டோடு போய்விட்டது, சார். கப்பலில் ஏறும்போது உடுத்திய துணியோடுதான் விட்டார்கள்."

"பள்ளியிலிருந்து நகல்?"

"அந்தப் பள்ளியே இப்போது கைமாறிவிட்டது. எழுதிப் பார்த்தோம். பதில் இல்லை."

காகிதங்களை மடித்து வைக்கிற சத்தம் கேட்டது. நடுவில் இருந்தவர் தணிந்த குரலில், "மேடம், உங்கள் ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் விதி இடம் கொடுக்காது" என்றார்.

அவள் வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலமே எனக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். நான் இத்தனை வருஷம் ஆசைப்பட்டது அதுதான்: எல்லார் முன்னாலும் ஆங்கிலத்தில் அவளை ஒரு தரமாவது ஜெயிக்கவேண்டும். ஜெயித்தேன். ஆனால் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட வாக்கியம் காதை விட்டுப் போகவில்லை. என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லவில்லையே! வேலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தும் எனக்கு அவள்மேல் பொறாமை.

திரும்புகிற ஸ்டீமரில் அவள் தள்ளி உட்கார்ந்திருந்தாள். நான் டீ வாங்கிக்கொண்டு போனேன். வாங்கவில்லை. கடலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எனக்கு இப்ப உன்னைப் பாக்கவே பிடிக்கல தங்கச்சி. உன்மேல தப்பில்ல. இது 'ஜெலஸி' இல்ல, 'என்வி'. கொஞ்ச நாள்ல சரியாயிடும். அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாத, என்ன?"

காய்ச்சல் அடிக்கிறது, கிட்டே வராதே என்பது போலச் சொன்னாள். கையில் இரண்டு டீயோடு நின்றுகொண்டிருந்தேன். மூன்று வருஷமாக நான் ரசத்தில் கரைத்தும் சிரிப்பில் மறைத்தும் ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை, இவள் ஒரே மூச்சில் வெளியே எடுத்து வைத்துவிட்டாள்.

"எனக்கும் இருந்துச்சுக்கா" என்றேன். "நீங்க வந்த நாள்ல இருந்து."

"தெரியும்" என்றாள். "இப்பப் போ."

போய்விட்டேன். இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

கொஞ்ச நாள் என்று அவள் சொன்னது ஒரு மாதத்துக்கு மேல் போனது. குழாயடியில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பாள். வாசிப்புக்கு வரவில்லை. பெண்கள் என்னிடம் காரணம் கேட்டார்கள். தலைவலியாம் என்று சொல்லிவைத்தேன். பிறகு ஒரு ஸ்டீமர் வந்த மத்தியானம், நனைந்த குடையோடு கதவோரம் நின்றாள். "வக்கீல் வர்ற இடம் வந்துடுச்சா?" என்று கேட்டாள். பத்திரிகையை அவள் கையில் கொடுத்தேன். பெண்களின் முகமெல்லாம் மலர்ந்ததை நான் பார்க்காமல் இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். வங்காளிப் பிள்ளைகள், கரேன் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் என்னிடம்தான் முதல் ஆங்கில வார்த்தையைக் கற்றுக்கொண்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அக்காவின் கணவருக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றலானது. ஜெட்டியில் இருவரும் அழுதோம். வீட்டுக்குத் திரும்பி நடக்கையில் மனசு லேசாக இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். இனி மாயாபந்தரில் ஆங்கிலம் என்றால் நான்தான்.

இரண்டு கோடை விடுமுறை கழித்து ஒரு வேலையாகப் போர்ட் பிளேர் போனபோது அவளைப் பார்க்கப் போனேன். ஊருக்குள்ளேயே குட்வில் எஸ்டேட் என்ற பகுதியில் வாடகைக்கு ஒரு மரவீடு. வாசலில் இருபது ஜோடிச் செருப்பாவது கிடந்தது. முன்னறை முழுக்கப் பிள்ளைகள். வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள், அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள், காலேஜில் சேரப்போகிற பெண்கள் சிலர். சர்டிபிகேட் எதுவும் கேட்காமல் அவளைத் தேடி வந்திருந்தார்கள். அவள் நடுவில் பாயில் உட்கார்ந்து, ஒரு பையனையும் பெண்ணையும் எழுப்பி நிற்கவைத்து, பையன் குற்றம்சாட்டி 'அக்கியூஸ்' செய்ய, அந்தப் பெண் 'டினை' செய்ய, வீடே சிரித்துக்கொண்டிருந்தது. என் வகுப்பில் பிள்ளைகள் அடக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். "பிள்ளைகளா, இவங்க கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர். மாயாபந்தர்ல இருந்து வந்திருக்காங்க. வார்த்தைகளோட தாத்தா பாட்டியெல்லாம் இவங்களுக்குத்தான் தெரியும். இன்னைக்கு இவங்க எடுப்பாங்க. நான் போய் மீனைக் கழுவிட்டு வர்றேன்."

"அக்கா, எனக்கு என்ன தெரியும்..."

"சும்மா எடு" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

பாயில் உட்கார்ந்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு 'ஸ்பெக்ட்' வம்சத்தைத் தொடங்கினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மரியாதையான பிள்ளைகள். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அவர்கள் கண் சமையலறைப் பக்கம் போய்ப் போய் வந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தமும் கத்தியில் செதில் உரசும் சத்தமும் கேட்டன. முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"என்னம்மா, சந்தேகமா?"

"மிஸ் எப்ப வருவாங்க?"

"வருவாங்க" என்றேன். "மீன் கொஞ்சம் பெருசு. நீ எழுது."